பெரிய டயருக்காகப் பின் வீல் ஆர்ச்சை வெட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லைச் சீமையில் ஜிப்சி, பழைய மஹிந்திரா ஜீப், தார், ஜிம்னி, பொலேரோ வைத்துக்கொண்டு தேரியிலும் (செம்மணல் மேடு) கரிசலிலும் மலையடிவாரத்திலும் ஓட்டுகிறவர்கள் பட்டறைக்கு வந்தால் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறோம். அளவுகள் பெரும்பாலும் ஜிப்சியை வைத்துச் சொன்னவை. முறை எல்லாச் சேசிஸ் வண்டிக்கும் ஒன்றுதான்.

அண்ணாச்சி, வீல் ஆர்ச்னா வெளியில தெரியுத வளைவு மட்டுந்தானா?

இல்லை. அங்கே இரண்டு தகடுகள் இருக்கின்றன. வெளியே பெயின்ட் அடித்துத் தெரிவது வெளித்தகடு. அதற்குப் பின்னால், டயரைத் தொட்டி மாதிரி மூடிக்கொண்டிருப்பது உள் மட்கார்டு. இரண்டும் வளைவின் ஓரத்தில் உள்பக்கமாக மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று படுத்து, ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டியிருக்கும். அந்த மடிப்பைத்தான் கீழே "உதடு" என்று சொல்கிறோம்.

உதட்டைத் தாண்டி வெட்டினால் இரண்டு தகடும் பிரிந்து நடுவே ஒரு பொந்து திறந்துவிடும். அந்தப் பொந்து வழியாகத்தான் தண்ணீர், புழுதி, புகை எல்லாம் உள்ளே போகும். ஆர்ச் வேலை என்பது வெட்டுவது அல்ல, வெட்டியதைத் திரும்ப மூடுவது. கிரைண்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், ஒழுங்காக மூடத் தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள்.

முன்னாடி உரசவே இல்ல, பின்னாடி மட்டும் உரசுது. ஏம்?

ஆள் ஏறுவதும் சாமான் ஏறுவதும் பின்னால்தான். ஜிப்சியில் பின்பக்கம் நாலு பேர் உட்கார்ந்தால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) பாதி அமுங்கிவிடும். மிச்சம் இருக்கும் பாதியைத்தான் பள்ளத்தில் பயன்படுத்துகிறீர்கள்.

இன்னொன்று, பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன் கண் சேசிஸில் நிலையாக இருக்கிறது, பின் கண் ஷாக்கில் என்ற ஆடும் இணைப்பில் ஆடுகிறது. பட்டை அமுங்கி நிமிரும்போது நீளம் கூடி ஷாக்கில் பின்னால் சாயும், ஆக்சிலும் கொஞ்சம் பின்னால் நகரும். அதாவது டயர் நேராக மேலே போவதில்லை, மேலேயும் பின்னாலேயும் போகிறது. அதனால் முதலில் உரசுவது பெரும்பாலும் ஆர்ச்சின் பின் மேல்மூலை. கண்ணால் பார்த்து வளைவின் உச்சியை மட்டும் வெட்டுகிறவர்கள் திரும்பப் பட்டறைக்கு வருவதற்கு இதுதான் காரணம்.

நான் போடப்போற டயருக்கு வெட்டணுமா வேண்டாமான்னு வீட்ல உக்காந்தே தெரிஞ்சுக்க முடியுமா?

தோராயமாக முடியும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். 205/70 ஆர் 15 என்றால், 205-இல் 70 சதவீதம் 143.5. இரண்டு பக்கமும் சேர்த்து 287. அதோடு 15 இஞ்ச் ரிம், 381 மில்லிமீட்டர். ஆக 668 மி.மீ. ஜிப்சி 413 கம்பெனியிலிருந்து வந்த அளவு இது. 235/75 ஆர் 15 போட்டால் 733 வருகிறது. விட்டத்தில் 65, ஆரத்தில் 33 மி.மீ. கூடுதல். 31 இஞ்ச் டயர் 787, ஆரத்தில் 60 மி.மீ. கூடுதல்.

ஆர்ச்சுக்குக் கணக்கு ஆரம்தான், விட்டம் இல்லை. அகலத்தையும் பாருங்கள்: 205-க்குப் பதில் 235 என்றால் பக்கத்துக்கு 15 மி.மீ. கூடுகிறது. ரிம் ஆஃப்செட் (ரிம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்காரும் அளவு) மாறினாலோ, ரிம்மை வெளியே தள்ளும் ஸ்பேசர் வைத்தாலோ அதுவும் சேரும். பழைய டயர் முழுதாக அமுங்கும்போது எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அளந்து, இந்தக் கூடுதலைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் 25 மி.மீ.க்குக் கீழே போனால் வெட்டு வேண்டும், கரிசலில் ஓட்டுகிறவர்களுக்கு 40-க்குக் கீழே போனாலே வேண்டும்.

ஸ்பீடோமீட்டரையும் மறக்கக் கூடாது. 235/75 போட்ட ஜிப்சியில் முள் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகிறது. 31 இஞ்சில் ஏறக்குறைய 71. இந்தச் சீமையில் ஓட்டும் ஓட்டத்துக்கு ஜிப்சியில் 235/75 தாராளம் என்பது எங்கள் முடிவு. 31 இஞ்ச் போட்டால் ஆர்ச் மட்டுமல்ல, கியர், பிரேக், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் கீல் வரை எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டி வரும்.

லிஃப்ட் போட்டா வெட்டவே வேண்டாம்லா?

அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில். லிஃப்ட் போட்டால் வண்டி நிற்கும் உயரம் கூடும். ஆனால் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி, ஆக்சில் பம்ப் ஸ்டாப்பில் (ஆக்சிலை அதற்குமேல் ஏற விடாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) போய் முட்டும் வரை போகும். பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருந்தால் டயர் ஏறும் உயரமும் பழைய உயரமேதான். ரோட்டில் உரசாத வண்டி, முதல் பள்ளத்தில் உரசும்.

பம்ப் ஸ்டாப்பை நீட்டினால் உரசாது, உண்மை. ஆனால் 50 மி.மீ. நீட்டினால் சக்கரம் மேலே போகும் தூரத்தில் 50 மி.மீ. போயிற்று. லிஃப்ட் எதற்காகப் போட்டோமோ அதில் பாதி வீண். வண்டியும் உயரமாகி, சாய்ந்த தரையில் கவிழப் பார்க்கும். ஜிப்சி ஏற்கெனவே ஒடுக்கமான வண்டி.

எங்கள் பரிந்துரை: லிஃப்ட் 50 மி.மீ.க்குள், பம்ப் ஸ்டாப் நீட்டிப்பு அதிகம் போனால் 20 மி.மீ., மிச்ச இடத்தை ஆர்ச்சில் எடுங்கள். வண்டி தணிவாக நிற்கும், சக்கரம் முழுதாக வேலை செய்யும்.

உதட்டை மட்டும் மடிச்சுவிட்டா போதாதா?

சில வண்டிக்குப் போதும். உதடு பொதுவாக 12 முதல் 20 மி.மீ. இருக்கும். அதை உள்பக்கமாகத் தட்டிப் படுக்க வைத்தால் பக்கவாட்டில் அந்த அளவும், மேலே கொஞ்சமும் இடம் கிடைக்கும். ஒரு சைஸ் மட்டும் ஏறுகிறவர்களும், டயர் அகலம்தான் பிரச்சினை என்கிறவர்களும் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

ஹீட் கன்னால் பெயின்ட் கைபொறுக்காத சூட்டுக்கு வந்த பிறகு, ரப்பர் சுத்தியலால் ஓரத்திலிருந்து பையப் பைய, மூன்று நாலு சுற்றாக மடக்குங்கள். ஒரே அடியில் மடக்கினால் வெளித்தகடு அலை அலையாக எழும்பும், பெயின்ட் மயிரிழையாக வெடிக்கும். வெடித்த இடத்தை அன்றே பிரைமர் தொட்டு மூடுங்கள். ஸ்பாட் வெல்டிங் விட்டுப்போயிருந்தால் அங்கே சீலர் வையுங்கள்.

அளவு எப்படி எடுக்கதுன்னு சரியாச் சொல்லுங்க. எங்க பக்கத்துல ஜாக்கி வச்சுத் தூக்குனா வண்டியே எந்திரிச்சுருது.

ஜிப்சி ஒரு டன்னுக்குப் பக்கத்தில்தான் எடை. முழுப் பட்டைக்கட்டோடு ஆக்சிலை ஜாக்கியால் தூக்கினால் பட்டை அமுங்குவதற்கு முன்னால் வண்டி எழும்பிவிடும். அதனால் அளவு எடுக்கும் அன்றைக்கு மட்டும் கட்டைப் பிரித்து மெயின் பட்டையை மாத்திரம் விட்டுவையுங்கள். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டைக் கட்டாயம் திரும்பப் போடுங்கள், அது இல்லாவிட்டால் ஆக்சில் நகர்ந்து எல்லா அளவும் பொய்யாகும். கழற்றிய பட்டைகளின் கனத்துக்கு இரும்புத் துண்டு வைத்து யூ போல்ட்டை முறுக்குங்கள். ஷாக் அப்சார்பரின் கீழ் முனையைக் கழற்றிவிடுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சேசிஸை இரண்டு உறுதியான ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே கீழே கை நீட்ட வேண்டும். ஜிம்னி மாதிரி காயில் ஸ்பிரிங் (சுருள்வில்) வண்டியில் இது சுலபம், காயிலை எடுத்துவிட்டு ஆக்சிலைத் தூக்கினால் போதும்.

பம்ப் ஸ்டாப் ரப்பர் மோதும்போது ஏறக்குறைய பாதி உயரத்துக்கு அமுங்கும். அதனால் ரப்பரைக் கழற்றி, அதன் பாதி உயரத்துக்கு ஒரு மரத்துண்டு வைத்து அதில் ஆக்சில் முட்டும் வரை தூக்குங்கள். இதுதான் டயர் போகக்கூடிய கடைசி உயரம். இரண்டு நிலையில் பார்க்க வேண்டும். முதலில் இரண்டு பக்கமும் சேர்ந்து மேலே. அடுத்து ஒரு பக்கம் முழுக்க மேலே, மறுபக்கம் முழுக்கத் தொங்கலாக. ஆக்சில் ஒரே தண்டு என்பதால், மேலே போன சக்கரத்தின் தலை வண்டிக்கு உள்பக்கம் சாயும். முதல் நிலையில் வெளி உதடு உரசும், இரண்டாவது நிலையில் டயரின் உள்விளிம்பு உள் மட்கார்டையோ சேசிஸையோ ஸ்பிரிங்கையோ தொடும். ஒன்றை மட்டும் பார்த்தவர் பாதிதான் பார்த்திருக்கிறார்.

கோடு போட ஒரு எளிய வழி உண்டு. இரண்டு பக்கமும் மேலே இருக்கும் நிலையில் சக்கரத்தைக் கழற்றுங்கள். வீல் போல்ட்டில் ஒரு தகட்டைப் பொருத்தி அதன் நட்ட நடுவில் ஓட்டை போடுங்கள். ஒரு ரீப்பர் கட்டையின் ஒரு முனையை அந்த ஓட்டையில் ஆடும்படி மாட்டி, மறுமுனையில் குறுக்காகப் பென்சிலைச் செருகுங்கள். நடுவிலிருந்து பென்சில் வரை தூரம், டயரின் ஆரத்தோடு விட வேண்டிய இடைவெளி. 235/75-க்கு 367, இடைவெளி 40 என்றால் 407 மி.மீ. வெளித்தகட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கட்டையைக் கவராயம் மாதிரிச் சுற்றினால் வெட்டுக் கோடு தானாக விழும். ஆக்சில் பின்னால் நகர்ந்ததும் அந்தக் கோட்டிலேயே சேர்ந்து வந்துவிடும். பிறகு டயரை மாட்டி ஒருமுறை சரிபாருங்கள். அடுத்த பக்கத்துக்கும் தனியாக அளவு எடுங்கள், ஒரு பக்கத்து அளவை மறுபக்கத்துக்குக் காப்பி அடிக்காதீர்கள்.

எவ்வளவு இடைவெளி விடணும்? தேரிக்கும் கரிசலுக்கும் ஒண்ணுதானா?

ஒன்றில்லை. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துச் செந்தேரி மணல் டயரில் ஒட்டாது, உதிர்ந்துவிடும். அங்கே 25 மி.மீ. போதும். களக்காடு, பாபநாசம் அடிவாரத்துப் பாறைகளில் ஆக்சில் சாய்வு அதிகம். வெளியே 25 விட்டாலும் உள்பக்கம் 30 விடுங்கள்.

கரிசல் வேறு. கோவில்பட்டி, விளாத்திகுளம், கயத்தாறு பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் டயரோடு உருண்டு வந்து ஆர்ச்சில் அப்பும். அப்பிய மண்மேல் அடுத்த சுற்று மண் அப்பி, இருபது முப்பது மீட்டருக்குள் டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்ற மறுக்கும். காய்ந்த பிறகு கடப்பாரை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் 40 முதல் 50 மி.மீ. விடுங்கள். அதோடு ஆர்ச்சின் உள்ளே போல்ட் தலை, சீலர் கட்டி, மடிப்பு என்று எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மண் பிடித்துக்கொள்ள அப்படி ஒரு முனை போதும்.

தேரியில காத்தைக் கொறச்சு ஓட்டுவோம். அப்ப டயர் பிதுங்கி ஆர்ச்சுல உரசாதா?

உரசாது. 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினாலும் டயர் பிதுங்குவது தரையைத் தொடும் இடத்தில் மட்டுந்தான். ஆர்ச்சுக்குள் இருக்கும் மேல்பாதி அளவு மாறாது. வண்டி மொத்தமாகக் கொஞ்சம் தணியும், ஆனால் ஆக்சிலும் சேர்ந்தே தணிவதால் ஆர்ச் இடைவெளி அப்படியே இருக்கும். இதற்காக வெட்டை ஆழமாக்க வேண்டாம்.

வெட்டுததுக்கு முன்னால எதெல்லாம் கழட்டணும், எதைத் தொடக் கூடாது?

பெட்ரோல் ஊற்றும் குழாய் பின்பக்கத் தகட்டில் இருக்கும் வண்டிகளில், அந்தப் பக்கத்து ஆர்ச்சுக்கு வெகு பக்கத்தில் குழாய் போகும். டேங்கை இறக்கி, குழாயைக் கழற்றி, வண்டியை விட்டுத் தூரமாக வைத்த பிறகே கிரைண்டர் போட வேண்டும். காலி டேங்க் என்று அலட்சியம் வேண்டாம், அதில் இருக்கும் ஆவிதான் பற்றிக்கொள்ளும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பின்விளக்கு வயரிங், பிரேக் குழாய், சீட் பெல்ட், உள்சீட், தரைவிரிப்பு எல்லாம் வெளியே வரட்டும். கண்ணாடிமேல் ஈரச் சாக்குப் போடுங்கள், கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாக உருகி ஒட்டும், அது போகவே போகாது.

சீட் பெல்ட் நங்கூரம் பிடித்திருக்கும் கனத் தகடு, பாடி சேசிஸில் உட்காரும் பாடி மவுண்ட், ஷாக் அப்சார்பரின் மேல் பிடி, இந்த மூன்றையும் வெட்டுக் கோடு தொடக் கூடாது. தொட்டால் டயர் சைஸைக் குறையுங்கள், வெட்டைக் கூட்டாதீர்கள். சேசிஸ் இல்லாத மோனோகாக் வண்டிகளில் பின் ஆர்ச் பாடியின் பலத்தைத் தாங்கும் பாகம். அவற்றில் உதடு மடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, கோடு போட்டாச்சு. வெட்டி மூடுத முறை?

ஒரு பக்கத்துக்கு ஒரு முழு நாள், இரண்டு பேர். நாலு இஞ்ச் கிரைண்டர், 1 மி.மீ. கட்டிங் டிஸ்க் ஏழெட்டு, தகடு வெட்டும் கத்தரி, சுத்தியலும் டாலியும் (தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டை), 20 கேஜ் தகடு இரண்டு சதுர அடி, 0.8 மி.மீ. கம்பி போட்ட சி.ஓ.2 வெல்டிங் மெஷின், எபாக்சி பிரைமர் ஒரு லிட்டர், தையலை அடைக்கும் பியூ சீலர் மூன்று டியூப், பொந்துக்குள் துருப் பிடிக்காமல் அடிக்கும் கேவிட்டி வாக்ஸ் இரண்டு கேன். இவ்வளவும் கையில் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

முதலில் வெளித்தகடு மட்டும். போட்ட கோட்டில் வெட்டாதீர்கள். அதற்கு 15 மி.மீ. கீழே வெட்டுங்கள். அந்த 15 மி.மீ. பட்டையில் 20 முதல் 25 மி.மீ.க்கு ஒன்றாகக் கோடு வரைக்கும் கீறல் போட்டு, ஒவ்வொரு பல்லாக உள்பக்கம் மடக்குங்கள். இதுதான் புது உதடு. வெறும் வெட்டு விளிம்பாக விட்டால் அது கத்தி, டயரையும் அறுக்கும், கையையும் அறுக்கும்.

இப்போது உள் மட்கார்டு கீழே தொங்கிக்கொண்டிருக்கும். பழைய ஸ்பாட் வெல்டிங் ஓரத்தை எடுத்துவிட்டு, 40 முதல் 50 மி.மீ.க்கு ஒன்றாக மேல்நோக்கிக் கீறல் போடுங்கள். சுத்தியலால் மேலேயும் வெளியேயும் தட்டி, புது உதட்டின்மேல் வந்து படுக்க வையுங்கள். உள் மட்கார்டு அதிகம் நீண்டிருந்தால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அங்கே கொஞ்சம் வெட்டி எடுங்கள். எட்டாத இடத்தில், பெரும்பாலும் பின் மேல்மூலையில், முக்கோணமாக இடைவெளி விழும். அதை 20 கேஜ் தகட்டால் ஒட்டுப் போடுங்கள். பற்றவைக்கும் முன்னால் இரண்டு தகடும் சேரும் முகங்களில் பெயின்டைச் சுரண்டி, வெல்டிங் தாங்கும் ஜிங்க் பிரைமர் அடியுங்கள். பிறகு அந்த இடத்துக்குத் தூரிகை எட்டாது.

பற்றவைப்புக்கு முன்னால் டயரை மாட்டி, இரண்டு நிலையிலும் இன்னொரு முறை ஆக்சிலைத் தூக்கிப் பாருங்கள். பற்கள் மடங்கும்போது சில மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். இப்போதானால் சுத்தியலால் சரியாகும், வெல்டிங் ஆன பிறகு திரும்பக் கிரைண்டர்தான்.

எங்க ஊர் பட்டறையில கேஸ் வெல்டிங்தான் இருக்கு. அதுல பத்தவச்சா என்ன?

வெளித்தகடு 0.7, 0.8 மி.மீ. கனம்தான். கேஸ் சூடு ஒரு சாண் தூரம் பரவி, வெளித்தகட்டைப் பப்படம் மாதிரி எழுப்பிவிடும். சாதாரண ஆர்க் ராடு ஓட்டை போட்டுவிடும். சி.ஓ.2 மெஷின் இருக்கும் பட்டறைக்கு வண்டியை எடுத்துப் போங்கள்.

அதிலும் நீளமாக இழுக்கக் கூடாது. 30 மி.மீ.க்கு ஒரு புள்ளி, ஒரு வினாடிக்கு மேல் ட்ரிகரைப் பிடிக்காமல். ஒரு புள்ளி இடது ஓரத்தில், அடுத்தது வலது ஓரத்தில், அடுத்தது நடுவில் என்று தாவித் தாவி வையுங்கள். பக்கத்தில் கை வைத்துச் சூடு தாங்கும் அளவுக்கு ஆறிய பிறகே இடைப்பட்ட இடத்தை நிரப்புங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள்.

இவ்வளவு வெல்டிங் எதுக்கு, பட்டி வச்சு மூடிரலாம்ங்காரு எங்க டிங்கர்.

கூடாது. பட்டி நிரப்புவதற்குத்தான், பிடித்து வைப்பதற்கு இல்லை. ஆர்ச் ஓரம் ஒவ்வொரு பள்ளத்திலும் முறுகும். கனமாக வைத்த பட்டி முதல் மாதத்திலேயே கீறும். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதனால் வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே துரு தின்னும். வெல்டிங் முடிந்து எபாக்சி பிரைமர் அடித்த பிறகு, 2 மி.மீ.க்கு மேல் போகாமல் மேடுபள்ளம் சரிசெய்ய மட்டும் பட்டி வைக்கலாம்.

வரிசை இதுதான்: வெல்டிங்கைத் தேய்த்துத் தின்னரில் துடைப்பது, எபாக்சி பிரைமர் இரண்டு கோட், அது காய்ந்த பிறகு எல்லாத் தையலிலும் பியூ சீலர், அதன்மேல் பெயின்ட், உள் மட்கார்டுக்கு அண்டர்பாடி கோட்டிங், கடைசியில் இரண்டு தகட்டுக்கும் நடுவே இருக்கும் பொந்தில் கேவிட்டி வாக்ஸ். சீலரை வெறும் இரும்பில் வைக்காதீர்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைக்காதீர்கள்.

வேலை முடிஞ்சிட்டு. ஆனா கண்ணாடிய ஏத்தி ஓட்டுனா உள்ள செம்புழுதி வருது, கொஞ்சம் புகை வாசமும் வருது. பரவால்லையா?

பரவாயில்லை என்று விடக் கூடாது. புழுதி வரும் வழியாகத்தான் சைலன்சர் புகையும் வருகிறது. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது. பின்சீட்டில் தூங்கும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் ஆபத்து. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கும் வரை கண்ணாடியை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள்.

இருட்டிய பிறகு ஒருவர் ஆர்ச்சுக்குள் டார்ச் அடிக்கட்டும், மற்றவர் வண்டிக்குள் படுத்துப் பார்க்கட்டும். ஊசித் துளியாக வெளிச்சம் வந்தாலும் அங்கே குறி போடுங்கள். அடுத்து, உள்பக்கத் தையல் முழுக்க முகப்பவுடரைத் தூவிவிட்டு, வெளியே ஆர்ச்சுக்குள் ஐந்து நிமிடம் ஹோஸ் பைப்பைப் பீய்ச்சுங்கள். தண்ணீர் கசிந்த இடத்தில் பவுடர் நனைந்து கோடு விழும். பின்கதவு ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே புழுதியும் புகையும் வரும், அதையும் பாருங்கள்.

ஃபிளேர் கட்டாயம் போடணுமா?

ஃபிளேர் என்பது ஆர்ச்சின் ஓரத்தில் வெளியே நீட்டி மாட்டும் விளிம்பு. டயரின் தரையில் ஓடும் முகம் பாடிக்கு வெளியே தெரிந்தால் அதைப் போடத்தான் வேண்டும். இல்லையென்றால் பின்னால் பைக்கில் வருகிறவர் முகத்தில் கல் தெறிக்கும், உங்கள் வண்டிப் பக்கவாட்டும் மண்ணால் அடிபட்டுப் பெயின்ட் உரியும். வளையும் ரப்பர் ஃபிளேர் நல்லது, ஃபைபர் மரத்தில் உரசினால் உடையும்.

மாட்டும்போது போடும் ஓட்டைகள்தான் துருவுக்கு வாசல். ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் பிரைமர் தொட்டு, எஸ்.எஸ். போல்ட்டும் நைலான் வாஷரும் போடுங்கள். செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ வேண்டாம், அதன் முனை டயர்ப் பக்கம் நீட்டும். கரிசல் ஊர்க்காரர்கள் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை ஃபிளேரைக் கழற்றி உள்ளே கழுவுங்கள். உள்ளே தங்கும் மண் மாதக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும்.

நாலு கதவு வண்டி வச்சிருக்கேன். பழைய ஜீப்பும் ஒண்ணு நிக்கு. ரெண்டுக்கும் இதே முறைதானா?

நாலு கதவு வண்டியில் பின்கதவின் கீழ்மூலை ஆர்ச்சை ஒட்டியே வரும். முன்பக்கம் வெட்டினால் கதவு நிலைச்சட்டமும் அதன் ரப்பரும் போய்விடும். அதனால் பின்பக்கம் மட்டும் வெட்டி, முன்பக்கத்து உரசலை டயர் சைஸைக் குறைத்தோ பம்ப் ஸ்டாப்பை நீட்டியோ தீர்க்க வேண்டும்.

பழைய ஜீப்பில் உள் மட்கார்டு தட்டையான பெட்டி மாதிரி இருக்கும், தகடும் கனம். வெட்டவும் பற்றவைக்கவும் லேசு. வெளித் திறப்பைச் சதுரமாகக்கூட உயர்த்தலாம். ஆனால் மூலையை வட்டமாக விடுங்கள். கூர்மூலையில் வெடிப்பு தொடங்கும்.

எல்லாம் நீங்க சொன்னபடிதான் செஞ்சோம். ஆனா இடது பக்கம் மட்டும் உரசுது. திரும்ப வெட்டவா?

கிரைண்டரைக் கீழே வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் உரசினால் குற்றம் பெரும்பாலும் ஆர்ச்சில் இல்லை, ஆக்சில் நடுவில் இல்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் டயரின் உள்விளிம்புக்கும் சேசிஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஜிம்னியில் லிஃப்ட் போட்டால் பேன்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குத் தண்டு) ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

லீஃப் வண்டியில் சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம், ஒரு பக்கத்துப் பட்டை தளர்ந்திருக்கலாம், ஷாக்கில் புஷ் தேய்ந்திருக்கலாம். ஆக்சிலிலிருந்து முன் ஸ்பிரிங் கண் வரை இரண்டு பக்கமும் அளந்தால் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அதெல்லாம் சரி, ஆனாலும் பாறையில் மட்டும் உள்பக்கம் உரசுகிறது என்றால், அளவு எடுக்கும் கேள்வியில் சொன்ன இரண்டாவது நிலையை விட்டிருக்கிறீர்கள்.

ஆர்.டி.ஓ.வுல பிடிப்பாவளா?

பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, ஒரு மாற்றத்துக்கு ஐந்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். தினமும் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் வண்டியை வெட்டாதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறோம். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் பழைய வண்டிக்காரர்கள் வேலையைத் தொடங்கும் முன்னாலேயே மோட்டார் வாகன ஆய்வாளரிடம் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்கள்.

ஓட்டும் இடமும் முக்கியம். மாஞ்சோலைச் சாலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது, வனத்துறை அனுமதி வேண்டும். குதிரைமொழித் தேரியும் காப்புக்காடு. சொந்தப் பட்டா நிலத்திலோ, உரியவர் சம்மதித்த நிலத்திலோ ஓட்டுங்கள்.

உவரிப் பக்கம் வீடு. உப்புக் காத்துல வெட்டின ஆர்ச் எத்தனை நாள் தாங்கும்?

மேலே சொன்ன வரிசையில் மூடியிருந்தால் மற்றத் தகடு தாங்கும் வரை தாங்கும். ஆனால் கவனிப்பு வேண்டும். கடற்கரை ஈர மணலில் ஓட்டினால் அன்று சாயங்காலமே ஆர்ச்சின் உட்புறத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கேவிட்டி வாக்ஸை வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் புரட்டாசியில் அடியுங்கள். தேரி மணல் ஆர்ச்சின் முன்பக்க உள்விளிம்பில் பெயின்டைச் சுரண்டிக்கொண்டே இருக்கும், அங்கே விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அண்டர்பாடி கோட்டிங் போய்விட்டது.

பிடிக்கலைன்னா பழையபடி ஆக்கிரலாமா?

வெளித்தகட்டைப் புதிதாக வாங்கி முழுதாக மாற்றலாம். அது வெட்டுவதைப்போல் இரண்டு மடங்கு வேலை. உள் மட்கார்டு கிடைப்பது இன்னும் கஷ்டம். அதனால் வெட்டி எடுத்த இரண்டு பிறைத் துண்டுகளையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். இடது, வலது என்று எழுதி, எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வையுங்கள். பழைய வளைவை அச்சு எடுக்க அதைவிட்டால் வேறு அளவு கிடையாது.